ஜூனில் மிரிஸ்ஸா வேண்டாம்: கோத்தகிரியிலிருந்து திமிங்கலம் பார்க்கப் போகும் குடும்பத்துக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். மே சீசன் கூட்டம் வடிந்ததும் ஜூன் முதல் வாரம் நீங்கள், மனைவி, 67 வயது அம்மா, 9 வயது மகள் என நான்கு பேரும் இலங்கையில் மிரிஸ்ஸா போய் நீலத் திமிங்கலம் பார்க்க வேண்டும் என்று ஆசை. எந்தப் படகு நல்லது, ஒரு நாள் போதுமா, இதற்கு இலங்கை வரை போகத்தான் வேண்டுமா, நம் தமிழ்நாட்டுக் கடலிலேயே பார்க்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "அம்மாவுக்கு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள்ளேயே இரண்டு தடவை வாந்தி வந்துவிடும், மகளோ திமிங்கலம் நம்மைப் பார்க்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. அம்மா நலமாகப் போய் வர வேண்டும், மகள் ஏமாறாமல் திரும்ப வேண்டும். படகு எது என்பது அதற்கு அப்புறம்.

நான் கடல் உயிரியல் படித்தவன் இல்லை. குன்னூரில் இருந்துகொண்டு, பறவை பார்க்க வருகிறவர்களைச் சோலைக்காடுகளுக்குக் கூட்டிப் போகிற வேலை. 2012-ல் அப்படி வந்த ஒரு குழு, அடுத்த பயணம் கடலுக்குப் போகலாம் என்று இழுத்துப் போனது. அன்றிலிருந்து சின்னச் சின்னக் குழுக்களோடு பதினொரு தடவை மிரிஸ்ஸாவும் திருகோணமலையும் போய் வந்துவிட்டேன். இனி சொல்வது அந்தப் படகுக் காலைகளில் கற்றது, மீதி படித்தும் படகுக்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதல் விஷயம், ஜூனில் மிரிஸ்ஸா வேண்டவே வேண்டாம். இதைக் கோத்தகிரிக்காரருக்கு விளக்குவது சுலபம். ஜூன், ஜூலையில் மலைக்கு மேற்கே தேவாலாவிலும் கூடலூரிலும் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும்போது உங்கள் வீட்டு வாசலில் வெயிலும் தூறலுமாகத்தானே இருக்கும்? தொட்டபெட்டா மலைத்தொடர் நடுவில் நின்று தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்கிறது. உங்களுக்கு மழை ஐப்பசியில், வடகிழக்கிலிருந்து. இலங்கையும் அப்படித்தான். நடுவில் மலை. தெற்கும் மேற்கும் கூடலூர் மாதிரி, மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். கிழக்கு கோத்தகிரி மாதிரி, வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை அங்கே படகு எடுப்பது சிரமம். அதனால் தெற்குக் கரையில் இருக்கும் மிரிஸ்ஸாவுக்குக் காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்குக் கரையின் திருகோணமலைக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. ஜூனில் மிரிஸ்ஸாவில் படகுக்காரர் யாராவது "வாங்க, பார்க்கலாம்" என்றால் அவர் தன் தவணை கட்டுவதற்காகக் கூப்பிடுகிறார். அந்த அலையில் உங்கள் அம்மாவை ஏற்ற வேண்டாம்.

தமிழ்நாட்டிலேயே பார்க்க முடியாதா என்றால், நம் கடலில் திமிங்கலம் இல்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் வலை போடுகிறவர்களைக் கேட்டால் ஓங்கில் (டால்பின்) கூட்டத்தை அடிக்கடி பார்ப்பதாகவும், எப்போதாவது பெரியது ஒன்று மேலே வந்து மூச்சை ஊதிவிட்டுப் போவதாகவும் சொல்வார்கள். ஆனால் நம் ஊர்க்காரர்களில் பலர் திமிங்கலத்தைப் பார்த்தது கரையில்தான். 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் பக்கத்துக் கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின, பாதிக்கு மேல் செத்துப்போயின. அதே கரையில் 1973 ஜனவரியில் 147 ஒதுங்கியிருக்கின்றன. மற்றபடி, போனால் பார்க்கலாம் என்று நம்பிக் கிளம்பும் அளவுக்கு நம் கரையில் திமிங்கலப் படகுப் பயணம் எதையும் என்னால் கைகாட்ட முடியாது. மீன்பிடி விசைப்படகில் தெரிந்தவர் யாராவது கூட்டிப் போகிறேன் என்றாலும் குடும்பத்தோடு போகாதீர்கள். அது வேலைக்கான படகு, உட்கார இடமே இருக்காது.

இலங்கையில் மட்டும் ஏன் திமிங்கலம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது? கோடநாடு காட்சிமுனையில் நின்றிருப்பீர்கள். தேயிலைத் தோட்டம் வழியாகச் சமமாக நடந்து வந்து, கம்பி வேலி தாண்டினால் சட்டென்று காலடியில் மோயாறு பள்ளத்தாக்கு. மிரிஸ்ஸாவுக்குக் கிழக்கே தெய்வேந்திரமுனை இருக்கிறது, தீவின் தென்கோடி. அங்கே கடலடி நிலம் அப்படித்தான், கரையிலிருந்து சில மைல்களிலேயே ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. திருகோணமலையில் துறைமுக வாசலிலிருந்தே ஒரு பள்ளத்தாக்கு கடலுக்கு அடியில் ஓடுகிறது. ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலேறும் இடத்தில் உணவு பெருகும், உணவு இருக்கும் இடத்தில் திமிங்கலம் இருக்கும். நம் பாக் நீரிணையோ பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம், குளம் மாதிரி. இன்னொரு சிறப்பும் உண்டு. நீலத் திமிங்கலங்கள் பொதுவாகக் கோடையில் துருவக் கடலுக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். இங்குள்ளவை அப்படிப் போவதில்லை, ஆண்டு முழுக்க இந்தியப் பெருங்கடலின் வடக்கிலேயே சுற்றுகின்றன. இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார். திமிங்கலத்தின் கழிவை அள்ளி ஆராய்ந்து, இவை பெரும்பாலும் சின்ன இறால் வகை ஒன்றைத் தின்கின்றன என்று சொன்ன குழுவில் அவர் முக்கியமானவர். உருவத்திலும் தென்துருவத்து வகையைவிடச் சிறிது. சிறிது என்றால் இருபது மீட்டருக்கு மேல். நம் மலை ரூட் பஸ் இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்திப் பாருங்கள்.

சரி, எப்போது போவது? உங்கள் பிழைப்பு எனக்குத் தெரியும். ஏப்ரல், மே நகர முடியாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாம் அறை நிரம்பும். ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஆகவே என் யோசனை பிப்ரவரி இரண்டாம் பாதி. பனிக்காலம், உங்களிடம் விருந்தினர் குறைவு, மிரிஸ்ஸா கடல் தட்டு மாதிரி கிடக்கும் மாதம். மகளுக்கு நான்கைந்து நாள் லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள். நான்காம் வகுப்பில் நான்கு நாள் போனால் ஒன்றும் குடி முழுகாது. எப்படியும் பள்ளி விடுமுறையில்தான் போக வேண்டும் என்றால், சீசனின் கடைசி நாட்களை விட்டுக்கொடுத்து மே கடைசியில் திருகோணமலை. அங்கே மார்ச், ஏப்ரலில் திமிங்கலம் நன்றாகக் கிடைக்கும். மேக்கு அப்புறம் கடல் அமைதியாகவே இருக்கும், ஆனால் திமிங்கலம் அத்தனை நிச்சயமில்லை. ஒரு ஜூலையில் நான் மூன்று காலை போய் ஓங்கில் மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

திருகோணமலையில் நமக்கு இரண்டு வசதிகள். ஒன்று மொழி. நிலாவெளி, உப்புவெளிப் படகுக்காரர்கள் பெரும்பாலும் தமிழர்கள். "அண்ணை, அங்க பாருங்கோ, ஊதுது" என்று அவர் கை நீட்டும்போது அம்மாவுக்கும் புரியும். இரண்டாவது கோணேசர் கோயில். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செங்குத்துப் பாறை மேல் கோயில், அதன் ஓரத்தில் நின்று பார்த்தால் சில நாட்களில் திமிங்கலம் ஊதுவது தெரியும். சம்பந்தர் பாடிய தலம் வேறு. அம்மா படகே ஏற மாட்டேன் என்றாலும் அவருக்குப் பயணம் வீணாகாது. ஆனால் படகு அங்கே சின்னது. ஆறேழு பேர் உட்காரும் ஃபைபர் படகு, வெளியே மாட்டிய எஞ்சின், கழிப்பறை கிடையாது, நிழலும் சொற்பம். அலையில் தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு வலி, முட்டி வலி உள்ளவரை அதில் மூன்று மணி நேரம் உட்கார வைப்பது பாவம்.

மிரிஸ்ஸாவில் ஐம்பது பேருக்கு மேல் ஏறும் இரண்டு தட்டுப் படகுகள் உண்டு, கழிப்பறையோடு. அம்மாவுக்கு அதுதான். ஆனால் அங்கே வேறு தொல்லை. 2009-ல் போர் முடிந்த பிறகு இந்தத் தொழில் வெகுவேகமாக வளர்ந்தது, சீசனில் காலை ஆறரைக்குத் துறைமுகத்திலிருந்து வரிசையாகப் படகுகள் கிளம்பும். எனக்கு மிகவும் கசந்த காலை 2014-ல். விலை மலிவு என்று ஒரு படகில் என் குழுவை ஏற்றிவிட்டேன், தப்பு என்னுடையது. தூரத்தில் ஒன்று ஊதியதும் எங்கள் படகு உட்பட எட்டுப் படகுகள் நாலா பக்கமும் எஞ்சினை முறுக்கிக்கொண்டு பாய்ந்தன. அது இரண்டே மூச்சு எடுத்துவிட்டு இறங்கிப்போனது. மறுபடி வேறு இடத்தில் எழ, மறுபடி துரத்தல். ஒரு மணி நேரம் இதுவே. டீசல் புகைதான் மிச்சம். கூட வந்த ஒரு பெண்மணி, "போதும், திரும்பிப் போகச் சொல்லுங்க" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் வேறு படகு. வயதான மாலுமி, அதிகம் பேச மாட்டார். ஊதுவதைப் பார்த்ததும் அவர் அருகே போகவில்லை. அது போகும் திசையைக் கணித்து, பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளிப் போய் எஞ்சினை அணைத்துவிட்டார். படகு பலகை முனகுவது மட்டும் கேட்டது. பத்து நிமிடம் இருக்கும். இடது பக்கம், பெரிய டயரில் ஒரே அடியாகக் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். மூன்று ஆள் உயரத்துக்கும் மேல் நேராக ஒரு வெண்புகைத் தூண். அப்புறம் முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது. சாம்பல் கலந்த நீலம், மேலே வெளிறிய திட்டுகள். இவ்வளவு முதுகுக்கும் பின்னால் ஒரு கையகலத் துடுப்பு, சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மீன் அங்காடி வாடை. நான்கைந்து மூச்சுக்குப் பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. அது இறங்கின இடத்தில் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி வழவழவென்று வட்டமாகக் கிடந்தது, அலை அதன் மேல் ஏறவில்லை. அந்த வட்டத்தை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

ஆகவே படகு விசாரிக்கும்போது "திமிங்கலம் காட்டுவீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். எத்தனை பேரை ஏற்றுவீர்கள், எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், ஒன்றும் தென்படாவிட்டால் மறுநாள் கட்டணமில்லாமலோ குறைத்தோ கூட்டிப் போவீர்களா, குழந்தை அளவில் உயிர்காப்பு ஜாக்கெட் இருக்கிறதா, இவற்றைக் கேளுங்கள். நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று கேட்காமலே சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும்போது நாம் என்ன செய்வோம்? நாம் நின்றால் அதுவும் மேய்ந்துகொண்டு நிற்கும், செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிற சுற்றுலாக்காரரால்தான் வம்பு. அதே கணக்குதான். கூடுதலாகப் பணம் கொடுத்தால் பக்கத்தில் தண்ணீரில் இறக்கிவிடுகிறேன் என்பவரிடம் போகவே வேண்டாம், அனுமதி இல்லாமல் அது சட்டப்படி குற்றம். ஏற்கெனவே இவற்றுக்குப் பெரிய ஆபத்து சரக்குக் கப்பல்கள். உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று இவை மேயும் இடத்தின் மேலேயே போகிறது, கப்பல் மோதிச் சாகின்றன. 2022-ல் எம்எஸ்சி கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போக உத்தரவிட்டது. படகிலிருந்து பார்த்தால் அந்தக் கப்பல்கள் அடிவானத்தில் வரிசையாகத் தெரியும்.

ஒரு நாள் போதாது. மூன்று இரவு தங்குங்கள், முதல் இரண்டு காலைக்கும் திட்டம் வையுங்கள். கடல் நன்றாக இருக்கும் பிப்ரவரியில்கூட ஒரு காலை வெறுங்கையோடு திரும்பலாம். 2019-ல் எனக்கு அடுத்தடுத்து இரண்டு காலை அப்படிப் போயிற்று. பார்ப்பது நிச்சயம் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். நீலத் திமிங்கலம் கிடைக்காத நாளில் சுழன்று குதிக்கும் ஓங்கில் கூட்டம் வரலாம், படகின் முன்னால் கோலா மீன்கள் தண்ணீரை விட்டுத் தெறித்துப் பறக்கும், ஆமை மிதக்கும். மகளுக்கு இதையெல்லாம் முன்னாலேயே சொல்லி வைத்தால் ஏமாற்றம் பாதி குறையும்.

இனி அம்மா. மலைப்பாதையில் ஏன் வாந்தி வருகிறது? உள்காது "ஆடுகிறோம்" என்கிறது, முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது, மூளை குழம்புகிறது. வளைவுகளை முன்கூட்டியே பார்க்கிற டிரைவருக்கு வருவதில்லை, கவனித்திருப்பீர்கள். படகிலும் அதேதான் வழி. அடிவானத்தைப் பார்க்கட்டும். செல்போன் பார்க்கக் கூடாது, கேமராத் திரையைக்கூடப் பார்க்க வேண்டாம். மேல் தட்டில் காட்சி நன்றாக இருக்கும், ஆனால் ஊசல் மாதிரி ஆடும். கீழ்த் தட்டில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால் உட்கார வையுங்கள், புகை வராத பக்கமாக. பயண வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை பலருக்குக் கேட்கிறது. முந்தின இரவு ஒன்று, அல்லது கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரும், வாய் உலரும், எழுந்து நடக்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். நான் மருத்துவன் இல்லை. 67 வயதில் கண் அழுத்தம், பிரஷர், வேறு மாத்திரைகள் என்று இருக்கலாம், மகளுக்கு அளவு வேறு. இருவருக்கும் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். ஊரில் ஒரு மலைப்பயணத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி, அல்லது ரஸ்க். பாசத்தில் ஊட்டி வர்க்கி பொட்டலம் கட்டிப் போகாதீர்கள், அத்தனை டால்டாவும் அலையில் மேலே வரும். நான் முதல் தடவை மூன்று பரோட்டா தின்றுவிட்டு ஏறினேன், விவரம் வேண்டாம்.

துணிமணி விஷயம் சுருக்கமாக. நம் மலைக்காரர் தோல் அந்த வெயிலைத் தாங்காது. முழுக்கை பருத்திச் சட்டை, கழுத்தில் கட்டும் தொப்பி, சன்ஸ்கிரீன். ஆறரை மணிக் காற்றுக்கு மெல்லிய விண்ட்சீட்டர் போதும், ஸ்வெட்டர் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம், ஆடும் படகில் பத்து மடங்கு தலைசுற்றல்தான். போகும் வழி, மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கொழும்புக்கு ஒன்றேகால் மணி நேர விமானம், பிறகு தெற்கு அதிவேகப் பாதையில் மாத்தறைப் பக்கம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குச் சரி. உங்கள் பயணத்துக்குச் சுற்று, அம்மாவுக்குக் கூடுதலாக நான்கு மணி நேரக் கடல். விசா விவரத்தை இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள், அடிக்கடி மாறுகிறது.

மகளின் கேள்வி. திமிங்கலம் நம்மைப் பார்க்குமா? பார்க்கும், ஆனால் அதற்கு முக்கியம் கண் இல்லை, காது. தண்ணீருக்குள் வெளிச்சம் சீக்கிரம் தீர்ந்துவிடும், சத்தம் வெகுதூரம் போகும். இவள் அதன் முதுகைப் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே அது இவளுடைய படகைக் கேட்டிருக்கும். மாலுமி எஞ்சினை அணைத்தால் ஏன் அணைத்தார் என்று அவளே உங்களுக்குச் சொல்வாள்.

கடைசியாக ஒன்று. மாத்திரை வாங்கும்போது இரண்டு காலைக்கு மட்டும் கணக்குப் போட்டு வாங்காதீர்கள். கடலில் ஆடிவிட்டு இறங்கினால் சிலருக்கு ஒன்றிரண்டு நாள் தரையே ஆடுகிற மாதிரி இருக்கும். அந்த நிலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி அம்மா மறுபடி குஞ்சப்பனை மலைப்பாதையில் ஏற வேண்டுமே, அதற்கும் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.